நான்கு கிராண்ட் ஸ்லாம்களையும் கோலாலம்பூரிலிருந்து பின்தொடர்வது எப்படி: கடிகாரம், டிரா, டிக்கெட்

இறுதி ஆட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு டென்னிஸ் பார்த்த கணக்கில் எழுதிக்கொள்பவர்கள் நம்மில் நிறைய பேர். டென்னிசின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாம்கள் ஒவ்வொன்றிலும் ஆண்கள் ஒற்றையரில் 128 பேர், பெண்கள் ஒற்றையரில் 128 பேர் இறங்குகிறார்கள். வெற்றியாளர்கள் இருவரும் கிண்ணத்தைத் தூக்குவதற்குள் 254 ஒற்றையர் ஆட்டங்கள் நடந்து முடிந்திருக்கும். அவற்றில் சிறந்தவை பெரும்பாலும் முதல் வாரக் கடைசியில், மூன்றாம் சுற்றில் வருகின்றன. அந்த நேரத்தில் நாம் அலுவலகத்திலோ தூக்கத்திலோ இருக்கிறோம். எந்த ஆட்டம், எந்தக் கோர்ட், நம் நேரம் என்ன என்று முன்கூட்டியே கணக்குப் போடத் தெரிந்தால், வேலைக்குப் போகும் ஒருவர் தூக்கம் அதிகம் கெடாமல் ஒரு கிராண்ட் ஸ்லாமில் பத்துப் பதினைந்து நல்ல ஆட்டங்களைப் பார்த்துவிடலாம். பினாங்கில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான்.

முதல் படி: கடிகாரத்தைச் சரியாக வையுங்கள்

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். காரணம், கோடைக்கால நேர மாற்றம். மலேசியாவில் அது இல்லாததால் நம் நினைவில் ஒரே ஒரு எண் பதிந்துவிடுகிறது. மெல்போர்ன் நம்மைவிட இரண்டு மணி நேரம் முன்னே என்று சொல்பவர்கள் ஜூன் மாதத்துக் கணக்கைச் சொல்கிறார்கள். ஜனவரியில் அது மூன்று மணி நேரம். லண்டனுக்கு எட்டு மணி வித்தியாசம் என்பது குளிர்காலக் கணக்கு, விம்பிள்டன் சமயத்தில் ஏழுதான். பாரிசுக்கு மே, ஜூனில் ஆறு. நியூயார்க்குக்கு ஆகஸ்ட், செப்டம்பரில் சரியாகப் பன்னிரண்டு.

ஆஸ்திரேலிய ஓப்பன், ஜனவரி. பகல் ஆட்டங்கள் மெல்போர்னில் காலை 11 மணிக்குத் தொடங்கும்போது நமக்குக் காலை 8. அங்கே இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டங்கள் நமக்கு மாலை 4 மணிக்கு வந்துவிடும். இரவு நேரத்தில் பொதுவாக இரண்டு ஆட்டங்கள் இருக்கும், இரண்டாவது ஆட்டம் வேலை முடிந்து வீடு வந்து உட்காரும் நேரத்துக்குத் தோதாக அமையும். 2023இல் ஆண்டி மர்ரி, கொக்கினாக்கிஸ் ஆட்டம் மெல்போர்ன் நேரம் அதிகாலை 4.05க்கு முடிந்தது. அங்கே அரங்கில் இருந்தவர்கள் பாவம், நமக்கு அது நள்ளிரவு தாண்டி ஒரு மணிதான். இறுதி ஆட்டங்கள் சனி, ஞாயிறு மாலை 4.30க்கு. சில ஆண்டுகளில் தைப்பூசம் இந்தப் பதினைந்து நாளுக்குள் வந்து விழும். 2024இல் பெண்கள் அரையிறுதி நாளும் தைப்பூசமும் ஜனவரி 25 என்ற ஒரே தேதியில் வந்தன. பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ போகிறவர்கள் ஆட்டத்தைப் பதிவு செய்யும் வசதியை முதல் நாளே தயார் செய்துகொள்வது நல்லது.

ரோலன் கேரோஸ் எனப்படும் பிரெஞ்சு ஓப்பன், மே கடைசியும் ஜூன் தொடக்கமும். பெரிய அரங்கங்கள் அல்லாத வெளிக் கோர்ட்டுகளில் பாரிஸ் நேரம் காலை 11, அதாவது நமக்கு மாலை 5. பிரதான அரங்கமான ஃபிலிப் ஷாத்ரியேவில் நண்பகல், நமக்கு மாலை 6. வேலை செய்பவருக்கு நான்கிலும் வசதியான போட்டி இதுதான். ஒரே தொல்லை இரவு ஆட்டம். 2021இல் தொடங்கிய இந்த வழக்கத்தில் ஓர் ஆட்டம் மட்டும் தனியாகப் பாரிஸ் நேரம் இரவு 8.15க்கு நடக்கும். நமக்கு அது அதிகாலை 2.15. வாரநாளில் இதற்காக விழித்திருக்க வேண்டாம், காலையில் மறுஒளிபரப்பைப் பாருங்கள். இறுதி ஆட்டங்கள் இரவு 9 மணிக்கு. ஆனால் 2025இல் அல்கராஸ், சின்னர் மோதிய இறுதி 5 மணி 29 நிமிடம் நீண்டது. இங்கே திங்கட்கிழமை அதிகாலை இரண்டரையைத் தாண்டியது. ஞாயிறு இறுதி என்றால் மறுநாள் காலைக் கூட்டம் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

விம்பிள்டன், ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை நடுவில் முடிவது. வெளிக் கோர்ட்டுகள் மாலை 6, நம்பர் ஒன் கோர்ட் இரவு 8, சென்டர் கோர்ட் இரவு 8.30. லண்டனில் இரவு 11 மணிக்கு ஆட்டம் நிறுத்தப்பட வேண்டும் என்பது அங்குள்ள ஊராட்சியின் கட்டுப்பாடு. நமக்கு அது காலை 6 மணி. ஒற்றையர் இறுதிகள் 2025 முதல் லண்டன் நேரம் மாலை 4க்கு மாற்றப்பட்டன, நமக்கு இரவு 11. பழைய நினைப்பில் இரவு 9 மணிக்கே டிவி முன் உட்கார்ந்தால் இரட்டையர் இறுதி ஓடிக்கொண்டிருக்கும்.

அமெரிக்க ஓப்பன், ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பர் தொடக்கமும். இதுதான் கடினமானது. பகல் ஆட்டங்கள் நமக்கு இரவு 11 மணிக்குத் தொடங்கும். இரவு ஆட்டங்கள் மறுநாள் காலை 7 மணிக்கு. அட்டவணையில் ‘ஞாயிறு இரவு’ என்று போட்டிருந்தால் இங்கே திங்கள் காலை என்று படிக்க வேண்டும். தேதியை மாற்ற மறப்பதால் ஒரு நாள் முழுக்கத் தவறவிடுபவர்கள் உண்டு. இரவுக்கு மல்லுக்கட்டாமல் காலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆர்தர் ஆஷ் அரங்கில் இரவு நடக்கும் முதல் ஆட்டத்தை, பசியாறிக்கொண்டே, எல்ஆர்டியில் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போய்விடலாம். மெர்டேக்கா விடுமுறையான ஆகஸ்ட் 31 எப்போதும் இந்தப் போட்டிக்குள் வருவதால் அன்று இரண்டாவது ஆட்டத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். 2022இல் அல்கராஸ், சின்னர் காலிறுதி நியூயார்க்கில் அதிகாலை 2.50க்கு முடிந்தது. நம் ஊரில் பட்டப்பகல் 2.50. ஆண்கள் இறுதி அண்மை ஆண்டுகளில் நமக்குத் திங்கள் அதிகாலை 2 மணி, பெண்கள் இறுதி ஞாயிறு அதிகாலை 4 மணி.

கைப்பேசிக் காலண்டரில் பதியும்போது போட்டி நடக்கும் ஊரின் நேர மண்டலத்தைத் தேர்ந்து, அந்த ஊர் நேரத்தையே இடுங்கள். மாற்றும் வேலையைக் கைப்பேசி பார்த்துக்கொள்ளும். மனக்கணக்கில்தான் பிழை வருகிறது.

இரண்டாம் படி: டிராவைப் படியுங்கள்

போட்டி தொடங்கும் முன் வியாழன் அல்லது வெள்ளியன்று டிரா, அதாவது யார் யாரோடு மோதுவார் என்று குலுக்கிப் போட்ட பட்டியல், வெளியாகும். அன்றே அரைமணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். இந்த அரைமணி இல்லாமல் மற்ற எந்தத் திட்டமும் நிற்காது.

128 இடங்களில் 104 பேர் தரவரிசை மூலம் நேராக நுழைகிறார்கள். 16 பேர் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் வென்று வருகிறார்கள். 8 பேருக்கு அமைப்பாளர்கள் வைல்ட் கார்டு, அதாவது தரவரிசை பார்க்காமல் தரும் சிறப்பு நுழைவு, கொடுக்கிறார்கள். தகுதிச் சுற்று ஆட்டக்காரர்களை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எம்மா ரடுகானு 2021 அமெரிக்க ஓப்பனில் தகுதிச் சுற்றிலிருந்து வந்து, பத்து ஆட்டங்களில் ஒரு செட் கூட இழக்காமல் கிண்ணம் வென்றார். 2001 விம்பிள்டனை வென்ற கோரான் இவானிசெவிச் வைல்ட் கார்டில் வந்தவர்.

32 பேருக்கு சீடிங் உண்டு: பலமானவர்கள் தொடக்கத்திலேயே மோதிக்கொள்ளாதபடி எண் கொடுத்துப் பிரித்து வைப்பது, அப்படி எண் பெற்றவர்தான் சீட். 2001 விம்பிள்டனுக்கு முன்பு 16 பேருக்குத்தான். முதல் இரண்டு சுற்றில் ஒரு சீட் இன்னொரு சீடைச் சந்திக்க முடியாது. மூன்றாம் சுற்றில்தான் சீட்கள் மோதத் தொடங்குகிறார்கள். 1 முதல் 8 வரை உள்ளவர்கள் 25 முதல் 32 வரை உள்ளவர்களையும், 9 முதல் 16 வரை உள்ளவர்கள் 17 முதல் 24 வரை உள்ளவர்களையும் சந்திக்கும்படி இடம் ஒதுக்கப்படுகிறது. நான்காம் சுற்றில் முதல் நான்கு சீட்களுக்கு எதிரே 13 முதல் 16 வரை, 5 முதல் 8 வரை உள்ளவர்களுக்கு எதிரே 9 முதல் 12 வரை. ஒன்றாவது சீடும் இரண்டாவது சீடும் இறுதிக்கு முன் சந்திக்கவே முடியாது. மூன்றும் நான்கும் யார் பக்கம் விழுகிறார்கள் என்பது குலுக்கல். அதனால்தான் டிரா வந்தவுடன் ‘யார் பக்கம் கனம்’ என்ற பேச்சு எழுகிறது.

பார்க்க வேண்டியதை இப்படிக் குறியுங்கள். முதலில், சீடிங் இல்லாத பெரிய பெயர்கள் எங்கே விழுந்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். காயத்திலிருந்து திரும்பி, பாதுகாக்கப்பட்ட தரவரிசையில் (காயத்துக்கு முன் இருந்த இடத்தைக் கொண்டு) நுழைந்த முன்னாள் வெற்றியாளர் முதல் சுற்றிலேயே ஐந்தாவது சீடுக்கு எதிரே விழுந்தால், அதுதான் அந்த வாரத்தின் முதல் ஆட்டம். அடுத்து, 17 முதல் 24 வரை உள்ள சீட்களின் மூன்றாம் சுற்றுகளைப் பாருங்கள். தர வித்தியாசம் குறைவாக இருப்பதால் அங்கே ஐந்து செட் ஆட்டங்களுக்கு வாய்ப்பு அதிகம். முதல் சீடின் முதல் சுற்றை விட்டுவிடலாம், பெரும்பாலும் ஒன்றரை மணி நேரக் கவாத்து.

ஒரு சிக்கல்: ஆட்ட அட்டவணை வெளியான பிறகு ஒரு சீட் விலகினால், தகுதிச் சுற்றில் தோற்ற ஒருவர் லக்கி லூசராக அந்த இடத்தில் இறங்குவார். டிராவின் அந்தப் பகுதி முழுக்கத் திறந்துகொள்ளும். நீங்கள் போட்ட திட்டத்தை அன்று திருத்துங்கள்.

மூன்றாம் படி: அன்றாட அட்டவணையிலிருந்து நேரம் கணக்கிடுங்கள்

ஒவ்வொரு கோர்ட்டுக்கும் அன்றைய ஆட்ட வரிசை முந்தைய நாளே வரும். அதில் முதல் ஆட்டத்துக்கு மட்டுமே உறுதியான நேரம் உண்டு. மற்றவை ‘அதைத் தொடர்ந்து’ என்றிருக்கும். ‘இந்த நேரத்துக்கு முன் இல்லை’ என்று எழுதியிருந்தால் அதற்கு முன் தொடங்காது என்பது மட்டுமே பொருள். அந்த நேரத்தில் தொடங்கும் என்று எடுத்துக்கொண்டு அலாரம் வைத்தால் காத்திருக்க நேரிடும்.

பெண்கள் ஆட்டத்துக்கு 1 மணி 45 நிமிடம், ஐந்து செட் முறையில் நடக்கும் ஆண்கள் ஆட்டத்துக்கு 3 மணி நேரம், இடையில் 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்போர்னில் ஒரு வெளிக் கோர்ட்டில் நம் நேரம் காலை 8க்குப் பெண்கள் ஆட்டம், அடுத்து ஆண்கள், மூன்றாவது நீங்கள் பார்க்க விரும்புவது என்றால், பகல் 1.15 வாக்கில் எதிர்பார்க்கலாம். முன் ஆட்டக்காரர் காயத்தால் விலகினால் 11 மணிக்கே தொடங்கிவிடும். ஆகவே நேரலைப் புள்ளி நிலவரத்தை இடையிடையே பாருங்கள்: முன் ஆட்டத்தில் வெற்றிக்கு ஒரு செட் பாக்கி என்ற நிலை வந்ததும் ஆயத்தமாகலாம்.

முதல் சுற்றுக்குப் பிறகு டிராவின் மேல் பாதி ஒரு நாள், கீழ்ப் பாதி மறுநாள் என்று நடக்கும். உங்கள் ஆட்டக்காரர் இரண்டாம் சுற்றை எந்த நாளில் ஆடுகிறார் என்று தெரிந்துவிட்டால், மழை குறுக்கிடாதவரை, நான்காம் சுற்று வரை ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று எழுதிக்கொள்ளலாம். விம்பிள்டனில் நடப்பு ஆண்கள் வெற்றியாளர் முதல் திங்களன்று சென்டர் கோர்ட்டைத் தொடங்கிவைப்பது வழக்கம். பெண்கள் வெற்றியாளருக்குச் செவ்வாய்.

நான்காம் படி: கடைசி செட்டின் விதி

2022 முதல் நான்கு போட்டிகளிலும் ஒரே விதி. கடைசி செட் 6-6 ஆனால், செட்டை முடிவு செய்யும் டை பிரேக்கர் பத்துப் புள்ளிக்கு நடக்கும், இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். மற்ற செட்களில் வழக்கமான ஏழு புள்ளி. ஐந்தாம் செட்டில் 7 புள்ளி வந்ததும் முடிந்தது என்று டிவியை அணைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பத்தும் எல்லையல்ல: 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில் அன்னா பிளிங்கோவா, எலேனா ரிபாகினாவை 22-20 என்ற டை பிரேக்கரில் தான் வீழ்த்தினார்.

இதற்கு முன் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு விதி. 2010 விம்பிள்டனில் இஸ்னர், மஹூ ஆட்டம் மூன்று நாளில் 11 மணி 5 நிமிடம் ஓடி, 70-68 என்று முடிந்தது அந்தக் காலத்தில்தான். இப்போது அப்படி நடக்க வழியில்லை என்பதால் நம் போன்ற தூரத்து ரசிகர்களுக்கு நிம்மதி. கொஞ்சம் வருத்தமும்தான்.

ஐந்தாம் படி: தரையும் வானமும்

பாரிசில் செங்கல் தூள் தூவிய களிமண் தரை. பந்து வேகம் குறைந்து உயரமாக எழும், சறுக்கிக்கொண்டே அடிக்கலாம், ஒரு புள்ளிக்குப் பந்தை இருபது முறை அடிப்பதும் உண்டு. நடால் அங்கே 14 முறை வென்றது இந்தத் தரையில் அவருடைய மேல்சுழல் பந்து எதிராளியின் தோளுக்கு மேலே எழுந்ததால். பந்து விழுந்த தடம் மண்ணில் தெரிவதால் நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கிவந்து பார்ப்பார். விம்பிள்டனில் 2025 முதல் கோட்டு நடுவர்கள் இல்லை, மின்னணு முறைதான். மெல்போர்னிலும் நியூயார்க்கிலும் அதற்கு முன்பே அப்படி. பாரிஸ் மட்டும் இன்னும் மனிதக் கண்ணை நம்புகிறது.

விம்பிள்டன் புல்லை 8 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டி வைப்பார்கள். முதல் மூன்று நாள் புல் பச்சையாக வழுக்கும், விழுவதும் கணுக்கால் பிசகுவதும் அப்போதுதான் அதிகம். இரண்டாம் வாரம் பின்கோட்டருகே புல் தேய்ந்து மண் தெரியத் தொடங்கும், பந்து அங்கே ஒழுங்கற்று எழும். களிமண் தரையில் பழகிய வீரர் ஒருவர் முதல் வாரம் தப்பித்துவிட்டால் இரண்டாம் வாரம் அவருக்கு எளிதாவது இதனால். மெல்போர்னும் நியூயார்க்கும் கடினத் தரை, நம் ஊர்க் கோர்ட்டுகளில் ஆடிப் பழகியவர்களுக்குப் பந்தின் போக்கு உடனே பிடிபடும்.

மழையால் திட்டம் குலைவது பாரிசிலும் லண்டனிலும்தான் அதிகம். விம்பிள்டனில் சென்டர் கோர்ட், நம்பர் ஒன் இரண்டுக்கு மட்டுமே கூரை. அதை மூடப் பத்து நிமிடம்தான் ஆகும், ஆனால் உள்ளே ஈரம் தங்கினால் புல் வழுக்கும் என்பதால் காற்றைச் சீராக்கிய பிறகே ஆட்டம் தொடரும். அரைமணி போய்விடும், அதற்குள் மாகி மீ ஒன்று பிரட்டிச் சாப்பிட்டுவிடலாம். பாரிசில் ஷாத்ரியேவுக்கும் லெங்லெனுக்கும், நியூயார்க்கில் ஆஷுக்கும் ஆம்ஸ்ட்ராங்குக்கும், மெல்போர்னில் மூன்று அரங்கங்களுக்கும் கூரை உண்டு. மெல்போர்னில் வெயில்தான் எதிரி: 2019 முதல் ஐந்து படி வெப்ப அளவுகோல் இருக்கிறது. நான்கைத் தொட்டால் பெண்கள் ஆட்டத்தில் இரண்டாம் செட்டுக்குப் பிறகும், ஆண்கள் ஆட்டத்தில் மூன்றாம் செட்டுக்குப் பிறகும் பத்து நிமிட ஓய்வு. ஐந்தைத் தொட்டால் வெளிக் கோர்ட்டுகளில் ஆட்டம் நிறுத்தப்படும்.

ஆறாம் படி: எங்கே பார்ப்பது

மலேசியாவுக்கான ஒளிபரப்பு உரிமை நான்கு போட்டிக்கும் ஒரே இடத்தில் எப்போதும் இருக்கும் என்று நம்ப முடியாது, ஒப்பந்தம் முடிந்தால் கை மாறும். ஓராண்டுச் சந்தா கட்டும் முன், அந்தந்தப் போட்டியின் அதிகாரபூர்வத் தளத்தில் நாடு வாரியாக இருக்கும் ஒளிபரப்பாளர் பட்டியலைப் பாருங்கள். சந்தாவில் எல்லாக் கோர்ட்டுகளும் வருமா, ஒரே சேனல்தானா என்று கேளுங்கள். ஒரே சேனல் என்றால் நீங்கள் குறித்து வைத்த வெளிக் கோர்ட் ஆட்டம் வரவே வராது. மாமாக் கடையில் பார்க்கலாம் என்று நினைத்தால், அன்று பந்தாட்டம் எதுவும் இல்லையே என்று முதலில் உறுதி செய்யுங்கள். பந்தாட்டம் இருந்தால் டென்னிசுக்கு ரிமோட் கிடைக்காது.

தரவரிசைக் கணக்கு தெரிந்தால் ஆட்டம் இன்னும் சுவைக்கும். வெற்றியாளருக்கு 2000 புள்ளி, இறுதியில் தோற்றவருக்கு 1300, முதல் சுற்றில் தோற்றவருக்கு 10. சென்ற ஆண்டு வாங்கிய புள்ளி 52 வாரத்தில் காலாவதியாகும். கடந்த ஆண்டு வென்றவர் இம்முறை முதல் சுற்றில் தோற்றால் ஒரே அடியில் 1990 புள்ளி கீழே.

ஏழாம் படி: நேரில் போவதென்றால்

முதல் பயணத்துக்கு மெல்போர்ன். கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானத்தில் சுமார் எட்டு மணி நேரம். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் ஆஸ்திரேலிய ஈடிஏ செயலியிலேயே அனுமதி எடுத்துவிடலாம். முதல் வாரத்தில் மைதான நுழைவு டிக்கெட்டே போதும், ராட் லேவர் அரங்கத்தில் உயரத்தில் உட்கார்ந்து பந்தைத் தேடுவதைவிட, வெளிக் கோர்ட்டில் ஐந்து மீட்டர் தூரத்தில் சர்வின் சத்தத்தைக் கேட்பது மேல். இரவு ஆட்ட டிக்கெட்டில் காலையிலேயே உள்ளே விடமாட்டார்கள், வாங்கும்போதே நுழைவு நேரத்தைப் படியுங்கள். நமக்கு வெயில் பழக்கம்தானே என்று போகாதீர்கள். அது வேறு வெயில்: வியர்வை தெரியாமல் காய்ந்துவிடும், தோல் அரைமணியில் கருகும். தொப்பி, களிம்பு, தண்ணீர்ப் புட்டி கட்டாயம். மாலையில் தென்காற்று திரும்பினால் வெப்பம் சட்டென இறங்கும், பையில் ஒரு குளிராடை இருக்கட்டும்.

பாரிசுக்கு மலேசியர்களுக்குக் குறுகிய பயண விசா தேவையில்லை. டிக்கெட்டில் பெயர் அச்சாகியிருக்கும், வாசலில் கடப்பிதழோடு ஒப்பிடுவார்கள். நண்பர் பெயரில் இருக்கும் டிக்கெட்டை நம்பிப் போக வேண்டாம். நியூயார்க்குக்கு விசாவும் நேர்காணலும் வேண்டும் என்பதால் போட்டிக்குப் பல மாதம் முன்பே தொடங்குங்கள். அங்கே தகுதிச் சுற்று வாரத்தில் மைதானத்துக்கு இலவச நுழைவு உண்டு என்பது செலவு பார்ப்பவர்களுக்கு நல்ல செய்தி. ஏழாம் எண் ரயிலில் மெட்ஸ்-வில்லெட்ஸ் பாயிண்ட் நிலையத்தில் இறங்குங்கள்.

விம்பிள்டனுக்கு இரண்டு வழி. ஒன்று பொதுக் குலுக்கல்: முந்தைய ஆண்டிலேயே இணையத்தில் பதிய வேண்டும், நாளையும் கோர்ட்டையும் அவர்கள்தான் தேர்ந்து தருவார்கள், பிடிக்காவிட்டால் மறுக்கலாம், மாற்ற முடியாது. இன்னொன்று வரிசை. சென்டர், நம்பர் ஒன், நம்பர் டூ ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 500 டிக்கெட்டுகளை அன்றன்று வரிசையில் நிற்பவர்களுக்கு விற்கிறார்கள். கடைசி நான்கு நாள் சென்டர் கோர்ட்டுக்கு மட்டும் இது கிடையாது. சவுத்ஃபீல்ட்ஸ் நிலையத்தில் இறங்கி நடங்கள். பெயரைப் பார்த்து விம்பிள்டன் நிலையத்தில் இறங்கினால் அதிகம் நடக்க வேண்டியிருக்கும். வரிசை நிற்கும் பூங்காவில் சேர்ந்தவுடன் எண்ணிட்ட வரிசை அட்டை தருவார்கள், அதைத் தொலைத்தால் இடமும் போய்விடும். ஒருவருக்கு ஒரு டிக்கெட் மட்டுமே, பின்னால் வரும் குடும்பத்துக்காக இடம் பிடித்து வைக்க முடியாது. பெரிய அரங்க டிக்கெட் வேண்டுமானால் இரவே கூடாரம் போட வேண்டியிருக்கும். இருவர் கூடாரத்துக்கு மேல் அனுமதியில்லை. விடிகாலையில் காவலர்கள் எழுப்பி மடிக்கச் சொல்வார்கள், பொருள்களைப் பாதுகாப்பு அறையில் வைத்துவிட்டு நிற்க வேண்டும். பணம் செலுத்த வங்கி அட்டை கையில் இருக்கட்டும். மலேசிய வங்கி அட்டை என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைப் புறப்படும் முன்பே திறந்துவிடுங்கள்.

மைதான நுழைவு மட்டும் கிடைத்தாலும் பாதகமில்லை. பிற்பகலில் பெரிய அரங்கங்களிலிருந்து கிளம்புபவர்கள் தங்கள் டிக்கெட்டை ஒப்படைத்துவிட்டுப் போவார்கள், அவை சிறு தொகைக்கு மறுபடி விற்கப்பட்டு, பணம் அறப்பணிக்குப் போகும். உள்ளே நுழைந்ததும் விம்பிள்டன் செயலியில் அதற்கான வரிசையில் சேர்ந்துகொண்டு, முறை வரும்வரை வெளிக் கோர்ட்டுகளைச் சுற்றுங்கள். அங்கே கோடை இரவு ஒன்பது வரை வெளிச்சம் இருக்கும். மாலை ஐந்து மணிக்கு சென்டர் கோர்ட்டில் இடம் கிடைத்தால்கூட நான்கு மணி நேர ஆட்டம் பாக்கி இருக்கும்.